கிட்டக்கப் போகச் சொன்னவளுக்கு

இன்று காலை பஸ்ஸில் ஃபோனில் விளையாட்டைத் திறந்ததும் திரையில் உன் பெயர் வந்தது. உங்கள் தோழி வெகுநாளாக விளையாட வரவில்லை, அவரைத் திரும்ப அழைத்து வந்தால் உங்கள் துப்பாக்கிக்கு ஒரு புது வண்ண ஸ்கின் பரிசு என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நீ உடுத்திவிட்ட அந்த மஞ்சள் தொப்பிப் பொம்மைப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். கீழே பச்சை நிறத்தில் அழைப்புப் பொத்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஃபோனை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். இன்னொரு ஃபோன் யார் வாங்கித் தருவார்கள் என்று நினைத்து அடக்கிக்கொண்டேன்.

நீ போய் ஒரு தீபாவளி ஆகிவிட்டது. உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. செத்தவர்களைத் திட்டக்கூடாது என்று அம்மா சொல்கிறார். உன்னைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது?

பத்தாங் பெர்ஜுந்தை தாண்டித் தோட்டத்து வாசலில் விடியும் முன்பே நாம் பஸ் ஏறி உட்காருவோம். ரவாங் தொழிற்சாலை போய்ச் சேரும்வரை ஃபோன்தான். நீ இரண்டு கட்டை விரலிலும் மருந்தெண்ணெய் தேய்த்துக்கொள்வாய். அந்த நெடிக்கு முன் சீட்டு அக்கா தினமும் திரும்பி முறைப்பார். நூறு பேர் ஒரு தீவில் குதித்து, ஒருவரை ஒருவர் சுட்டு, கடைசியில் நிற்பவர் ஜெயிக்கும் ஆட்டம் அது. நான் குதித்ததும் ஏதாவது மொட்டைமாடியைத் தேடி ஏறிப் படுத்துக்கொள்வேன். தூரத்தில் எவனாவது ஓடினால் சுடுவேன். பெரும்பாலும் படாது. பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டால் விரல் தவறி, என் துப்பாக்கி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"வானத்தச் சுடுறியே, மழை வேணுமாடி?" என்பாய்.

நீ நேர்மாறு. வீட்டுக்குள் ஆள் இருப்பது தெரிந்தால் கதவைத் திறந்து உள்ளே போகிறவள். எனக்கு அது முட்டாள்தனமாகப் பட்டது. மறைந்திருப்பவனுக்குத்தானே வசதி என்று ஒருநாள் கேட்டேன். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். செம்பனை மரங்களுக்கு நடுவில் பஸ் போகும்போது நம் ஃபோன் லைன் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஒருவன் நம்மை நோக்கி வருவது நமக்குத் தாமதமாகத்தான் தெரியும். தெரிகிற நேரத்தில் அவன் சுட்டு முடித்திருப்பான். ஆனால் நாமாகப் பாய்ந்து போனால், அதே தாமதத்தில் நாம் அவன் கண்ணுக்கு லேட்டாகத் தெரிவோம்.

"நம்ம லைனுக்கு உக்காந்து காத்திருந்தா நீதான் சாவ. நீயாப் பாஞ்சு போ. கிட்டக்கப் போடி, கிட்டக்க."

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் எனக்குப் பயிற்சிதான். கேன்டீனில் மீன் குழம்பு ஆறிப் போகும். நாம் இரண்டு பேர் மட்டும் ஆட்டத்தில் தனி அறை திறந்துகொண்டு மோதுவோம். கதவுக்கு வெளியிலேயே ரவை நிரப்பிக்கொள், எதிரில் நின்று நிரப்பாதே, தீர்ந்து போனால் அடுத்த துப்பாக்கிக்கு மாறு என்றாய். குதிக்காதே என்றாய், குதித்தால் கீழே வந்து விழும்வரை உன்னால் திரும்ப முடியாது, சுடுகிறவனுக்கு அதுதான் கொண்டாட்டம் என்றாய். இடமும் வலமுமாக அசைந்துகொண்டே சுடுவது எனக்கு வரவேயில்லை. ஒரு விரல் நகர்ந்தால் இன்னொரு விரல் நின்றுவிடும். என் ஃபோனைப் பிடுங்கி, சுடும் பொத்தானை இடது பக்கத்திலும் ஒன்று வைத்துக் கொடுத்தாய். உன்னிடம் தோற்றுத் தோற்று எனக்கு வெறுத்துப்போனது. நீயோ ஒருநாள்கூட விட்டுக்கொடுத்து என்னை ஜெயிக்க வைத்ததில்லை. அது உன்னிடம் எனக்குப் பிடித்த விஷயம்.

பிறகு அந்த வாரம் வந்தது.

திங்கட்கிழமை நீ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாய். தொட்டுப் பார்த்தால் கொதித்தது. கிளினிக் போ, எம்.சி. எழுதி வாங்கி லீவு போடு என்று நான் சொன்னேன், முன் சீட்டு அக்காவும் சொன்னார். "சும்மா காய்ச்சல்தான் லா. ரெண்டு பனடோல் போட்டா சரியாப் போயிரும்" என்றாய். மறுநாளும் அதே பேச்சு. கண்ணுக்குள் வலிக்கிறது என்று ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டாய். ஆனால் மதியம் ஒரு ரவுண்டு வா என்று கூப்பிட்டது நீதான்.

அன்றைக்குத்தான் நான் உன்னை முதல் தடவை வீழ்த்தினேன். கதவைத் திறந்தேன், பாய்ந்தேன், இடமும் வலமுமாக அசைந்தேன், நீ விழுந்தாய். கேன்டீனே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். நீ சிரித்து, "பரவால்லடி, கத்துக்கிட்ட" என்றாய். நான் பைத்தியக்காரி போல அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். உன் விரல் காய்ச்சலில் மந்தமாகிவிட்டிருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தே என்னை மகிழ விட்டாய். நான் உண்மையிலேயே தேறினேனா இல்லையா என்று இனி யாரிடம் மோதிப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டுவிட்டது. பூ வைத்துக்கொண்டு வந்தாய். "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றாய். வயிறு மட்டும் வலிக்கிறது, சரியாகச் சாப்பிடாததால் இருக்கும் என்றாய். பத்து மணி ஓய்வுக்கு முன்னால் வேலை செய்த இடத்திலேயே சுருண்டு விழுந்தாய். டெங்கி. காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம், எல்லோரும் அப்போதுதான் ஏமாறுகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் அப்பாவிடம் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ இல்லை.

ஏன் லீவு போடவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் என்னை எரிக்கிறது. இரண்டு வருடம் தொடர்ந்து ஒருநாள்கூட லீவு எடுக்காதவள் என்று ஆண்டு விருந்தில் உன்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மயில் நீலச் சேலையில் போய்ப் பரிசு வாங்கினாய். உன் படத்தைப் பெரிதாக்கி, கீழே 'முழு வருகை' என்று போட்டு, கார்டு தட்டும் இடத்தில் மாட்டினார்கள். மூன்றாவது வருடமும் வாங்கிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உன் அப்பா தோட்டத்தில் செம்பனைப் பழம் வெட்டிய காலத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஒருநாளும் பிந்தியதில்லையாம். கல்யாணத்துக்கு மறுநாள்கூட விடியுமுன் வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோர் முன்னால் போய்ப் பெயர் கொடுத்தாராம். உங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அந்தக் கதை உண்டு. பெரட்டுக்கு நிற்கிற அந்தக் கெத்து உன் ரத்தத்தில் இருந்தது. தோட்ட வேலை போய், பெரட்டும் போய், இப்போது ஒரு மிஷினில் கார்டைக் காட்டிவிட்டு உள்ளே போகிறோம். அதற்கும் அதே கெத்து. பரிசு என்ன? ரைஸ் குக்கர். இரண்டு வருடம் வாங்கிய இரண்டு குக்கரும் உன் வீட்டில் இருக்கின்றன, ஒன்றைப் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. மூன்றாவது ரைஸ் குக்கருக்காகச் செத்தவள் இந்தச் சிலாங்கூரிலேயே நீ ஒருத்திதான்டி.

கிட்டக்கப் போ, காத்திருக்காதே என்று எனக்கு மூச்சுக்கு மூச்சு சொன்னவள், தன் காய்ச்சல் தானாகப் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தாய்.

சாவு வீட்டுக்குச் சூப்பர்வைசர் மலர் வளையத்தோடு வந்தார். லீவே போடாத பிள்ளை என்று கூடாரத்தில் எல்லோரிடமும் சொன்னார். உன் அப்பா அதற்குத் தலையாட்டினார். எனக்கு அங்கேயே சூப்பர்வைசர் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஒன்றும் செய்யவில்லை. பஸ் வாட்ஸப் குழுவில் மட்டும் நீளமாக எழுதினேன். எட்ட நின்று சுடுவது எனக்குப் பழக்கமான வேலைதானே.

உன் படம் அங்கேயே தொங்கியது. ஒருநாள் காலை வேலை தொடங்கும் முன் சூப்பர்வைசர் எங்களை நிற்க வைத்துப் பேசினார். முதல்நாள் எம்.சி. எடுத்திருந்த ஒரு அக்காவைப் பார்த்துக்கொண்டே உன் படத்தைக் காட்டினார். இந்தப் பிள்ளை காய்ச்சலோடு வந்து வேலை செய்தது, நாமெல்லாம் பெரட்டுக்கு நின்ன ஜனங்கள், நீங்கள் தும்மினால் எம்.சி.யா என்று கேட்டார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

நான் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். வீட்டுக்குள் ஆள் இருப்பது தெரிந்து கதவுக்கு வெளியில் நிற்கும்போது நெஞ்சு எப்படி அடிக்குமோ, அப்படி அடித்தது. ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். அவர் சட்டைப் பொத்தானை எண்ணுகிற தூரத்தில் போய் நின்றேன்.

"அவ காய்ச்சலோட வந்தா. வந்ததாலதான் செத்தா. அதையும் சேத்துச் சொல்லுங்க, இல்லன்னா படத்த இறக்குங்க."

அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். அவர் கண் என்னைப் பார்க்காமல் பக்கத்தில் யாரையோ தேடியது. நானே போய் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினேன். யாரும் கைதட்டவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மறுவாரம் வேறு ஒருவர் படத்தை மாட்டினார்கள், ஆனால் காலைப் பேச்சில் சூப்பர்வைசர் இப்போது எம்.சி. பற்றி வாய் திறப்பதில்லை.

படத்தை உன் வீட்டில் கொடுத்தேன். உன் அப்பா வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு கத்திரிக்கோல் எடுத்து வந்து, கீழே எழுதியிருந்த 'முழு வருகை'யை நறுக்கிக் குப்பையில் போட்டார். நான் போகிறபோதெல்லாம் சொல்கிற பெரட்டுக் கதையை அதற்குப் பிறகு அவர் சொல்வதில்லை.

நான் இப்போதும் விளையாடுகிறேன். மொட்டைமாடியில் படுப்பதை விட்டுவிட்டேன். கதவைத் திறக்கிறேன், பாய்கிறேன், பாதி நேரம் சாகிறேன், மீதி நேரம் அவர்கள் சாகிறார்கள். நீ கொடுத்ததில் என் கையோடு ஒட்டிக்கொண்டது அதுதான். அதோடு இந்தக் கோபமும்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டு, வரவில்லை என்று சொன்னேன். அவர் சரி என்றார். கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். விரலிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். டெங்கி இல்லை, சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லி எம்.சி. தந்தார்கள். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன், அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அவ்வளவுதான்டி அந்த வேலை. ஒரு காலை நேரம். போய்விட்டு வந்திருந்தால் மதியம் என்னைத் தோற்கடித்திருக்கலாம்.