இருபத்துமூன்றாம் பக்கம்

5-11-90, திங்கள்

விடாத மழை. ரயில்வே கேட் பக்கம் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்கு. கிண்டி ஆபீசில் பாதிப் பேர் லீவ். டைப்ரைட்டர் ரிப்பன் ஈரம் பிடித்து எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியாக.

செய்ய வேண்டியது: அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. மண்ணெண்ணெய். புது ரேஷன் கார்டு ஃபாரம் (19ஆம் தேதி கடைசி). லைப்ரரி புத்தகம் திருப்ப.

நீல அட்டை நாவல் முடிந்தது. பம்பாயில் தனியாக இருந்து வேலை பார்க்கும் பெண். முதல் நூறு பக்கம் சத்தியமான எழுத்து. ஹாஸ்டல் குளியலறைக் க்யூ, ஒன்றும் செய்யத் தோன்றாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எனக்கு நன்றாகத் தெரிந்த சாயங்காலம்தான். அப்புறம் எங்கிருந்தோ ஒரு டாக்டர் வருகிறான். கடைசிப் பக்கத்தில் தாலி. நாற்பத்தோரு வயதுக்காரிக்கு எந்த டாக்டரய்யா வந்தான்? என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இந்த நாவல்காரர்கள் எல்லாருக்கும் முடிவு நெருங்கினால் மட்டும் பொய் சொல்லும் வியாதி வந்துவிடுகிறது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து நான்தான் வாசிக்க வேண்டும். "யாருமே இதுல சாப்பிட மாட்டேங்கறாங்களேடி மாலதி? காபி குடிச்சே முன்னூறு பக்கமா?" தாலி வந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. அ.வின் சட்டம் ஒன்றே ஒன்று. யாராவது சாகப்போகிறார்கள் என்றால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். "அந்தப் பக்கத்தைத் தள்ளிடு" என்பாள். தள்ளிவிடுவேன். போன மாத நாவலில் மாமனார் பாதியிலேயே போய்ச் சேர்ந்தார். அ. கடைசிவரை "அந்தப் பெரியவர் எங்கடி போனாரு, ஆளையே காணோம்?"

6-11, செவ்வாய்

மழை கொஞ்சம் ஓய்ந்தது. ஆபீஸ் விட்டு நேரே லைப்ரரி. நீல அட்டையைத் திருப்பினேன். லைப்ரரி சேகர் என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

"இன்னாக்கா, இதுவும் புடிக்கலியா? நாவல்னாலே மூஞ்சச் சுளிக்கிற நீ. இத்த எடுத்துகினு போ. கதை இல்ல, நெசமா நடந்தது. பல்லாவரத்துக்காரு ஒருத்தரு, சொந்தத்துல அச்சுப் போட்டுகீறாரு."

டி.பி. வார்டில் இரண்டு வருஷம் படுத்துக் கிடந்த ஒரு லேத்துக்காரரின் அனுபவம். மட்டமான தாள், பின்னட்டையில் அவர் வீட்டு விலாசம். எந்த ஆஸ்பத்திரி என்று போடவில்லை. போடாவிட்டால் என்ன, ரயில் சத்தம், வேப்பமரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன்தான்.

எடுத்ததும் 23ஆம் பக்கம். இந்த லைப்ரரியில் யாருக்கும் படித்த புத்தகத்தின் பெயர் ஞாபகம் இருக்காது. அதனால் ஆளுக்கொரு அடையாளம். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் 50ஆம் பக்கத்தில் டிக். போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் முதல் பக்கத்தில் 'கோ'. எனக்கும் ரவி அண்ணனுக்கும் 23. பக்கத்தின் அடியில் நான் மூன்று புள்ளி வைப்பேன், மழை. அண்ணன் படித்து முடித்தால் அதன் கீழே சின்னதாக ஒரு குடை வரைவான். பாவாடை தாவணிக் காலத்து விளையாட்டு.

அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் போய்ப் பதினோரு வருஷம். இன்றைக்கும் எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் முதலில் 23தான். குடை இருக்காது. புள்ளி வைத்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்குப் போவேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இதிலும் இல்லை. புள்ளி வைத்தேன்.

8-11, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

ஃபாரம் எடுத்தேன். குடும்பத் தலைவர் பெயர், உறுப்பினர், வயது. அ. உடனே, "ரவி பேரை முதல்ல போடு." போன கார்டிலும் இதே கூத்து. அப்பா இருந்த வரைக்கும் அவர் வாயைத் திறக்கமாட்டார், அ. விடமாட்டாள். கடைக்காரர் சென்ற மாதம்கூடக் கேட்டார்: "யாரும்மா இந்த ரவிச்சந்திரன்? ஒரு நாளாச்சும் வந்து பைய நீட்டட்டுமே, மூஞ்சப் பாப்போம்." இந்த முறை எழுத மாட்டேன் என்றேன். கோபம். மோர் ஊற்றாமல் எழுந்து போய்விட்டாள். ஃபாரத்தை மடித்து வைத்தேன். பேனா மூடி காணோம்.

ஆஸ்பத்திரிப் புத்தகம் ப. 70 வரை. இவருக்கு எழுத வரவில்லை, அதனாலேயே பொய்யும் வரவில்லை. காலை ஊசி. பால் வரும் நேரம். ஞாயிற்றுக்கிழமை ஆள் வராத கட்டில்காரர்கள் மூன்று மணியிலிருந்தே தூங்குகிற மாதிரி பாவனை செய்வது. இந்த ஒரு வரிக்காக நீல அட்டையை அடுப்பில் போடலாம். வாழ்ந்தவன் எழுதுவதுதான் எழுத்து. இனிமேல் நாவல் வேண்டாம், அனுபவம் மட்டும்தான் என்று சேகரிடம் சொல்ல வேண்டும்.

10-11, சனி

எழுத்து கோணல்.

காலை வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. ப. 112. பக்கத்துக் கட்டில் 14ஆம் நம்பர்காரரைப் பற்றி. அப்படியே எழுதிவைக்கிறேன்:

"ஊர் எது என்றால் சிரிப்பார். வார்டு அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் இரண்டு தரம் படித்தவர். ஒவ்வொன்றிலும் இருபத்துமூன்றாம் பக்கத்தில் குடை போடுவார். ஏன் என்றேன். வீட்டில் ஒருத்தி மழை போட்டுக்கொண்டிருப்பாள், நனையக் கூடாதில்லையா என்றார்."

கிண்டி போனது தெரியவில்லை. மாம்பலத்தில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் நின்றே மீதியைப் படித்தேன். ப. 140இல் 14 குணமாகி டிஸ்சார்ஜ் ஆகிறார். கையில் மஞ்சள் பை. கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்துக் கை ஆட்டிவிட்டுப் போகிறார்.

போகிறார். உயிரோடு. ஒரு பூக்காரம்மா "இன்னாம்மா, யாருனா பூட்டாங்களா?" என்றாள். இல்லை என்றேன். அழுதுகொண்டே சிரித்தேன் போலிருக்கிறது, பயந்து நகர்ந்துவிட்டாள்.

ஆபீஸ் போகவில்லை.

11-11, ஞாயிறு

அ.வுக்கு வாசித்தேன். குடை வந்ததும் கீரையைக் கீழே போட்டுவிட்டாள். "எம்புள்ளதான்டி! புஸ்தகத்துல கிறுக்காதேன்னு அவன் எத்தனை அடி வாங்கியிருக்கான் என்கிட்ட!" 140ஆம் பக்கத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். மஞ்சள் பை என்றதும், "நம்ம சீனு கல்யாணத்துல கொடுத்த பை" என்று சாதித்தாள். இருக்கலாம்.

பாயசம் வைத்தாள். சர்க்கரை தீர்ந்துவிட்டது, வெல்லத்தில்.

எனக்கு உள்ளே ஒரே பயம். பதினோரு வருஷமாகக் கட்டி வைத்ததை அவிழ்த்துவிட்டாற்போல. வேண்டாம் வேண்டாம் என்கிறேன், கேட்கிறதா மனசு?

13-11, செவ்வாய்

தூறல். சனிக்கிழமை அரை நாள் லீவ் எழுதிக் கொடுத்தாயிற்று. பல்லாவரத்துக்காரரிடம் கேட்க வேண்டியவை:

எந்த வருஷம் டிஸ்சார்ஜ்?
எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தான்?
கல்யாணம்?
இருமல் நின்றதா?
எங்களைப் பற்றி என்ன சொன்னான்? (இதைக் கடைசியில்.)

சேகர் கொடுத்த புது நாவலில் நான்கு பக்கம் தாண்டவில்லை. குடும்பப் பாகப்பிரிவினை, ஒன்பது அண்ணன் தம்பிகள். எனக்கு எதற்கு ஒன்பது. 23இல் புள்ளி மட்டும் வைத்தேன்.

17-11, சனி

பல்லாவரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று வண்டியை விட்டாயிற்று.

வீடு சுலபமாகக் கிடைத்தது. வாசலில் சிலுவை, பின்னால் பழைய லேத்துக் கொட்டகை. அந்தோணி என்று பெயர். அறுபது வயதிருக்கும். பெஞ்சு போட்டார். புத்தகம் படித்துவிட்டு ஒருத்தி தேடி வந்ததில் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே பார்த்து, "புஸ்தகம் பட்ச்சிட்டு வந்துகீறாங்க, காபி போடு" என்றார். குடையைப் பற்றி ஆரம்பித்தேன். மழை போடுகிறவள் நான்தான் என்றேன்.

அவர் முகம் விழுந்தது. காபி வந்தும் எடுக்கவில்லை.

"டிஸ்சார்ஜ் ஆகி எந்த ஊருக்குப் போனாருங்க?"

"அவுரு போவலம்மா."

"கேட்டைத் தாண்டிக் கை ஆட்டினார்னு எழுதியிருக்கீங்களே சார்?"

"எம்பொண்ணும்மா... மொத்தமும் ஒரே அழுகையா கீதுப்பா, ஒருத்தராவது பொழைக்கட்டுமேன்னுச்சு. யாரைப் பொழைக்க வைக்கலாம்னு யோசிச்சேன். மத்தவங்களுக்கெல்லாம் ஊடு கீது, படிச்சிட்டு வந்து இன்னாய்யா பொய் எழுதிகீறேன்னு சட்டையப் புடிப்பாங்க. இவுருக்குன்னு ஒருத்தரும் வந்ததில்ல. கேக்க ஆள் வராதுன்னு இவுரை அனுப்பிட்டேன். மன்னிச்சுக்கோம்மா. புஸ்தகம் பூரா நெசம். அந்த ஒரு பக்கந்தான்."

எண்பத்தைந்து, தை மாதம். மத்தியானம், பால் வருகிற நேரம். பெயர் ரவி என்று மட்டும் கொடுத்திருந்தானாம். விலாசம் ஏதோ திருச்சிப் பக்கம், பொய் விலாசம். போட்ட தபால் கார்டு திரும்பி வந்துவிட்டதாம். வார்டு ஆட்களும் இவருமாகத்தான் எல்லாம் செய்தார்கள்.

குடை போட்ட புத்தகம் ஏதாவது ஒன்று கிடைக்குமா என்றேன். "வார்டு புஸ்தகம் வெளில வராதும்மா. தொத்து. கடைசில கொளுத்திடுவாங்க." அவனுக்கும் அது தெரியுமாம். தெரிந்தேதான் போட்டானாம்.

ஏன் வீட்டுக்கு எழுதவில்லை என்பதையும் கேட்டுத் தொலைத்தேன். "தங்கச்சியப் பொண்ணு பாக்க வர்ற நேரத்துல இருமல்ல ரத்தம் வந்துச்சாம். டி.பி.ன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? அப்பாகிட்ட வேணும்னே சண்ட வலிச்சிகினு வந்துட்டேன்னாரு. தங்கச்சிக்கு இந்நேரம் ரெண்டு புள்ள இருக்கும்னு சொல்லிகினே இருப்பாரு." பிறகு என் கழுத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மாப்பிள்ளை வீட்டார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மூத்தவன் ஓடிப்போன குடும்பம், நமக்கு வேண்டாம்." இருமலைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லையடா, பாவி. நீ போனதைத்தான் கேட்டார்கள்.

எண்பத்து நாலு, எண்பத்தைந்து. அப்போதும் இதே ஆபீஸ், இதே காலை வண்டி. அந்த ஆஸ்பத்திரி ஸ்டேஷனில் வண்டி தினமும் நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டு நாவல் படித்தேன். என்ன நாவல் என்றுகூட ஞாபகம் இல்லை. 23இல் புள்ளி மட்டும் வைத்திருப்பேன்.

அடுத்த வண்டி வருகிறது. அ. வாசலிலேயே நிற்பாள்.

18-11, ஞாயிறு

மழை இல்லை. வெயிலும் இல்லை.

நேற்று நுழைந்தபோது அ. வாசலில்தான் நின்றாள். என் முகத்துக்குக் கிட்டே வந்து பார்த்தாள். புரை விழுந்த கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ. "கால் கழுவிட்டு வா, சாதம் போடறேன்." சாப்பிட்டேன். பாயசம் புளித்துப் போய்க் கொட்டியாயிற்று என்றாள், ஒரு வாரம் முன்னால் வைத்ததைப் பற்றி.

இன்று காலை ஃபாரம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாளை கடைசி நாள். அ. எதிரில் முருங்கைக் கீரையோடு. சொல்லிவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன்.

"அம்மா, அந்தப் பல்லாவரத்துக்காரர் என்ன சொன்னாருன்னா..."

"அந்தப் பக்கத்தைத் தள்ளிடு."

உருவுகிற கை நிற்கவில்லை. கீரை தட்டில் விழாமல் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"பேரை எழுதுடி. இந்தக் கார்த்திகைல நாப்பத்தஞ்சு முடியுது அவனுக்கு. நாப்பத்தாறுன்னு போடு."

எழுதினேன். ரவிச்சந்திரன், ஆண், 46.