உலைக் கதவோரம்

மார்ச் 3, திங்கள்
எத்தனை முறை கணக்கை ஓட்டினாலும் கணினி ஒரே பதிலைத்தான் சொல்கிறது. வார்த்த அலுமினியப் பாகங்களைப் பத்து மணி நேரம் உலையில் வைக்க வேண்டாம், ஆறு போதும். உள்ளே கலந்த செம்பு அதற்குள் சீராகப் பரவிவிடும். மிச்சமாகும் எரிவாயு கொஞ்சநஞ்சமல்ல. வியாழனன்று சோதனை. அந்த உலையைப் பார்ப்பவர் என் வீட்டுக்காரர்தான். "ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கணும்பாங்க. நீ ஆக்கவே பொறுக்க மாட்டேங்கறியே" என்கிறார்.

மார்ச் 6, வியாழன்
நாற்பதில் ஏழு பாகங்கள் இழுத்துப் பார்த்ததும் முறிந்தன.

மார்ச் 7, வெள்ளி
மேலாளர் கூப்பிட்டார். "உங்க கணக்குல தப்பில்லம்மா. கதவைச் சரியா மூடலன்னு உங்க வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டாரு." அவருக்கு எச்சரிக்கைக் கடிதம். பதினெட்டு வருடத்தில் முதல் கடிதம்.
உலையின் பதிவைப் பார்த்தேன். கதவு முதல் நிமிடத்திலிருந்து மூடியேதான் இருந்திருக்கிறது.
எதுக்கு இப்படிப் பண்ணீங்க? நான் கேட்டேனா?

மார்ச் 8, சனி
மாடியில் துணி உலர்த்தும்போது கேட்டேன். போர்வையின் மறுமுனையை உதறியபடி சொன்னார்: "உன் ரெண்டு வருஷ உழைப்பு. ஒரே சோதனையில மூட்டை கட்டிடுவாங்க. எனக்கு ஒரு காயிதம்தானே."
"பொய்ய வச்சு என் கணக்கு ஓடாதுங்க."
போர்வையைக் கொடியில் போட்டார். பிறகு அவரே, "முறிஞ்ச ஏழும் கதவோரத் தட்டுல இருந்தது. அங்க சூடு ஏற எப்பவுமே லேட்டாகும்" என்றார்.
உலை முழுக்க ஒரே சூடு என்று எழுதிவைத்தவள் நான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு — ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?

மார்ச் 10, திங்கள்
தப்பு என்னுடையது என்று மேலாளரிடம் சொன்னேன். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு சோதனை, அதோடு சரி என்றார்.

மார்ச் 29, சனி
கதவோரச் சூட்டையும் சேர்த்து ஓட்டினேன். ஏழரை மணி நேரம் என்று வந்தது. "ஏழரையா? நல்ல நம்பராப் பாத்துப் புடிச்ச" என்றார். இருவரும் சிரித்தோம். எத்தனை நாளாயிற்று.

ஏப்ரல் 3, வியாழன்
நாற்பதில் ஒன்றுகூட முறியவில்லை. அவர் கையுறையைக் கழற்றி என் தலையில் கை வைத்தார், எல்லார் முன்னும்.

ஏப்ரல் 21, திங்கள்
இன்று முதல் எல்லா உலைக்கும் ஏழரை மணி நேரம்தான். வேலை சீக்கிரம் முடிந்து, வெயில் இருக்கும்போதே ஆலை வாசலில் எனக்காக நின்றிருந்தார். நடந்தே வந்தோம்.
அடுத்து, பழைய உலோகத்தை உருக்கிக் கலக்கும் கணக்கு. கணினியை இன்னும் திறக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான்கு பக்கம் எழுதிவிட்டேன். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.