அண்ணன் போட்ட கையெழுத்து

ஆவணி 10, செவ்வாய்

மத்தியானம் சென்னையிலிருந்து வந்த அண்ணனின் பையில் பூட்ஸ் சேறில்லாமல் இருந்தது. கால்பந்து லீக் இன்னும் முடியவில்லையே என்று நினைத்தேன்.

அவன் அந்த லீக்கில் ஒரு கிளப்புக்குக் கையெழுத்துப் போட்டதும், வேலை கிடைத்துவிட்டதென்று அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். அண்ணனும் மறுக்கவில்லை. அப்பா ஆடிய காலத்தில் ஆபீஸ் டீமில் கையெழுத்துப் போட்டால் அந்த ஆபீஸிலேயே வேலை. முழங்கால் போகாமல் இருந்திருந்தால் அவரும் வேலையில் சேர்ந்திருப்பார்.

அடுப்படியில் அண்ணன் சொன்னான். "இப்பல்லாம் ஆபீஸ் டீமு கம்மி, கிளப்புதேன் ஜாஸ்தி. வேலையெல்லாம் குடுக்க மாட்டாக. ஒரு சீசனுக்குன்னு எடுத்தாக, பாதியிலயே அனுப்பிட்டாக. அப்பாட்ட சொல்லிறாத தாயி."

"உனக்கு வேல கெடச்ச நேர்த்திக்கு நாளைக்கு அப்பா குன்றக்குடி கோயில்ல மொட்டை போடப் போறாருண்ணே."

"அவருக்கு எங்குட்டு இருக்கு முடி?" என்றவன் அழுதுவிட்டான்.

அவன் சென்னை போகத்தான் நான் பத்தாவதோடு நின்றேன். அதை இப்போது நினைக்கக் கூடாது.

கூடத்தில் அப்பா வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். "வெள்ளன எழுப்பி விடுத்தா, மொத பஸ்ஸுக்குப் போகணும்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.