தொப்பிக்குள் பத்தொன்பது வரிகள்

ஜனவரி 16, 1950. திங்கள்

டெலிவிஷனில் வேலை கிடைத்துவிட்டது!

காலையில் ரேடியோ நிலையத்துக்குப் போனால் சுவரில் ஒரு துண்டுக் காகிதம்: எங்கள் கப்பல் நாடகத் தொடர் மார்ச் மாதத்தோடு முடிகிறது. பதினோரு வருஷம் அதில் நான்தான் கேப்டன். போன உயிர் மதியம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தது. டைரக்டர் ஹாலோரன் போன் செய்தார். ஒரு மணி நேர நாடகம், வயதான தகப்பன் வேடம், வருகிறாயா என்று கேட்டார். வருகிறாயாவா!

ஃப்ரீடா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "உன் மூஞ்சியையா காட்டப் போறாங்க?"

கட்டியவளுக்கு என்மேல் இருக்கிற நம்பிக்கை அவ்வளவுதான்.

ஜனவரி 30

ஒத்திகை தொடங்கியது. நடன மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் தரையில் நாடா ஒட்டியிருக்கிறார்கள். நாடாதான் சுவர், இரண்டு நாற்காலிகள்தான் வாசல்.

ஒரு பக்கம் படித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் காகிதத்தைச் சத்தமில்லாமல் தரையில் நழுவவிட்டேன். ரேடியோவில் எல்லோரும் செய்வதுதான், புரட்டினால் மைக்கில் சரசரக்கும். இங்கே மண்டபமே சிரித்தது. மருமகனாக நடிக்கிற மோர்ட் ஜிம்பல் குனிந்து பொறுக்கிக் கொடுத்தான். "என்ன மாமா, அதுக்குள்ள இலையுதிர் காலமா?"

ஹாலோரன் சிரிக்கவில்லை. "ஆர்லோ, வெள்ளிக்கிழமையிலிருந்து யார் கையிலயும் காகிதம் இருக்கக் கூடாது."

பத்தொன்பது வருஷமாக நடிகன் என்று சொல்லித் திரிகிறேன். ஒரு வரிகூட மனப்பாடம் செய்ததில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பிப்ரவரி 3

பாதி வசனம் மனதில் ஏறிவிட்டது. கடைசிப் பேச்சுதான் நிற்க மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 7

அந்தக் கடைசிப் பேச்சு: மருமகன் வந்து, என் ஒரே மகளைக் கலிபோர்னியாவுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். நான் ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தனியாக, பத்தொன்பது வரிகள் பேச வேண்டும். ஆறாவது வரியில் எல்லாம் மறந்துவிடுகிறது.

"எனக்கே பாடமாயிடுச்சு! உனக்கு ஏன் ஏற மாட்டேங்குது?" ஃப்ரீடா காகிதத்தால் என் தலையில் ஒன்று போட்டாள்.

நேரடி ஒளிபரப்பு. தப்பினால் திருத்த வழியில்லை, நாடு முழுக்கப் பார்க்கும். ரேடியோ தொடரும் முடிந்த பிறகு என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? இது போனால் நான் நடிகனே இல்லை. நாற்பத்தொரு வயதில் வேறு என்ன தெரியும் எனக்கு?

பிப்ரவரி 9

கண்டுபிடித்துவிட்டேன்! பொடி எழுத்தில் பத்தொன்பது வரிகளையும் ஒரு தாளில் எழுதித் தொப்பிக்குள் ஒட்டிவிட்டேன். ஒத்திகையில் தொப்பியைக் குனிந்து பார்த்தபடி ஒரு பிசிறில்லாமல் பேசினேன்.

ஹாலோரன் ஓடி வந்து தோளைப் பிடித்தார். "தொப்பிய அப்படிப் பாக்கறே பார், அதுல ஒரு சோகம் இருக்குய்யா! மாத்திடாதே."

மாற்றுவேனா?

பிப்ரவரி 12. ஞாயிறு

எப்படி எழுதுவேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

விளக்குச் சூட்டில் முகப்பூச்சு வழிந்தது. எல்லாம் நன்றாகப் போனது. மோர்ட் தன் பேச்சை முடித்து, ஆணியில் தொங்கிய இரண்டு தொப்பிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியேறினான். நான் எழுந்துபோய் மிச்சமிருந்த தொப்பியை எடுத்தேன். கேமரா முகத்துக்கு நேரே வந்து நின்றது, சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே பார்த்தேன்.

கடைப் பெயரும் அளவும் மட்டும்!

பாவி, என் தொப்பியைக் கொண்டுபோய்விட்டான். இரண்டும் ஒரே சாம்பல் நிறம்.

முதல் வரி? முதல் சொல்? ஒன்றுமில்லை. ரேடியோவில் மூன்று நொடி சத்தம் நின்றால் நிலையமே அலறும். இங்கே பத்து நொடி. இருபது. தொப்பியையே பார்த்தேன், திருப்பினேன், மறுபடி பார்த்தேன். கண்ணீர் வந்துவிட்டது. நடிப்பில்லை, பயம். என் பிழைப்பு அந்த இடத்தில் முடிந்தது என்று நினைத்தேன் — முடிந்தது ஆர்லோ, வீட்டுக்குப் போ —

வாசல் கதவு திறந்தது. மோர்ட்! கதையில் அவன் திரும்பி வரவே கூடாது. வெளியே போய்த் தொப்பிக்குள் பார்த்திருக்கிறான், புரிந்திருக்கிறது.

"மாமா... தொப்பி மாறிப் போச்சு."

நீட்டினான். வாங்கினேன். உள்ளே வரிகள் இருந்தன, எனக்குத் தெரியும். நான் குனியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன்.

"அவள நல்லா பாத்துக்கோப்பா," என்றேன்.

அவ்வளவுதான். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மிச்ச நேரத்துக்கு அறிவிப்பாளர் விளம்பரதாரரின் சோப்பைப் பற்றிப் பேசித் தீர்த்தார். நாடகம் எழுதினவன் வந்து, "என் பத்தொம்பது வரி எங்கய்யா?" என்று கத்தினான். ஹாலோரன் அவனைத் தள்ளிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்!

பிப்ரவரி 13

நேற்று ஃப்ரீடா, டெலிவிஷன் இருக்கிற கீழ்வீட்டு பாஸ்குவாலே குடும்பத்தோடு பார்த்தாளாம். தைக்க வேண்டிய காலுறைகளையும் எடுத்துப் போயிருக்கிறாள். இவ்வளவு வருஷமும் என் குரலைக் கேட்டுக்கொண்டே கைவேலை பார்த்தவள் ஆயிற்றே.

"ஊசி நின்னு போச்சு," என்றாள். "எனக்குப் பத்தொம்பதும் தெரியும். நீ ஒண்ணுகூடச் சொல்லல. நான் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வரிசையா எல்லாத்தையும் மனசுல சொல்லிக்கிட்டேன்."

அழுதுவிட்டேன். அவளும்.

பிப்ரவரி 20

மூன்று சாக்குக் கடிதங்கள்! எல்லாம் அந்தப் பேசாத கிழவனுக்கு. அதே தகப்பனும் மருமகனும், வாராவாரம், பதிமூன்று வாரத் தொடர் என்கிறார் ஹாலோரன். மோர்ட் இல்லாமல் முடியாது என்றேன். அவனும் இருக்கிறான். தொப்பியிலிருந்து உரித்த அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இது இருக்கற வரைக்கும் நீ என் அடிமை," என்கிறான்.

மார்ச் 25

மனப்பாடம் ஏறுகிறது. அவள் துணி தேய்க்க, நான் நடந்துகொண்டே ஒப்பிக்கிறேன். முகத்தைப் பார்த்துச் சொன்னால் ஏறுகிறது, காகிதத்தைப் பார்த்தால் இல்லை. இது தெரிய எனக்குப் பத்தொன்பது வருஷம்.

ஏப்ரல் 2. ஞாயிறு

முதல் வாரம். சிவப்பு விளக்கு எரிய ஒரு நிமிஷம் இருக்கும்போது மோர்ட் ஆணியைக் காட்டிக் கண்ணடித்தான். "என்ன மாமா, இன்னைக்கும் உன் தொப்பிய எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?"

"எடுத்துக்கிட்டுப் போ," என்றேன்.

எடுத்து உள்ளே பார்த்தான். ஒன்றுமில்லை.