குட்டியின் தமிழும் என் பக்கத்து பிரேக்கும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், டிரைவிங் ஸ்கூல் காருக்கு மட்டும் பின்பக்கம் கொஞ்சம் சுகமில்லை, ஏன் என்று பிறகு வருகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நல்லபடியாக இருக்கிறீர்களா.

குட்டிக்கு மற்றப் பிள்ளைகள் அளவுக்கு வார்த்தை இல்லை என்று டீச்சர் சொன்னாராம், இரண்டு பாஷை குழப்புகிறது என்று பயந்து இந்த மாதத்தோடு தமிழும் வேண்டாம், என் போனும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா, எப்போதும் என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிடுபவள், அதைக்கூட எடுப்பதில்லை. அடி பைத்தியமே, டீச்சர் எண்ணியது அந்த ஊர் வார்த்தையை மட்டும்தானே, நம்முடையதையும் சேர்த்து எண்ணச் சொல். என்ன ஒன்று, நீங்கள் இருவரும் வீட்டில் அந்த ஊர் பாஷைதான், குட்டி தமிழ் கேட்பது நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது போனில் மட்டும். அதனால்தான் சோற்றுக் கரண்டி கிட்டே வந்தால் பிரேக் பிடி என்கிறது, நீ சமையலறைப் பக்கம் திரும்பினால் இண்டிகேட்டர் போட்டியா என்கிறது. கியர் தெரியும், தலையணை தெரியாது.

சரி என்று வீட்டையே காருக்குள் கொண்டுவந்துவிட்டேன். தட்டு, டம்ளர், தலையணை, துடைப்பம். கற்க வருகிறவர்கள் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் போனைப் பார்த்து ஒரு சாமான் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கியர் போட வேண்டும். பேங்க் மேனேஜர் தலையணையைக் கட்டிக்கொண்டு தூக்கம் வருது, தூக்கம் வருது என்று இழுத்துச் சொல்ல, பின்னால் பஸ்காரர் ஹாரனை விடவேயில்லை. பல் டாக்டரம்மா ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே சிங்கம் முயல் கதை சொன்னார், சிங்கம் கிணற்றில் விழுந்ததும் அவருக்கே அழுகை வந்து கம்பத்தில் முட்டிவிட்டார். குட்டி கைதட்டி மறுபடி என்றது. கம்பம் என்ற வார்த்தையும் சேர்ந்தாயிற்று.

நேற்று நீ போனை அணைக்க மறந்துவிட்டு உட்கார்ந்து அழுதாய். குட்டி உன்னிடம் வந்து சொன்னதும் என் காதில் விழுந்தது. “பயப்படாத. என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு.” புதிதாக வருகிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்கும்போது, என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கைக் காட்டி நான் சொல்வது அது. எப்போது சொல்ல வேண்டும் என்று யாரும் குட்டிக்குச் சொல்லித்தரவில்லையே மகளே.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழுங்கள். டீச்சரம்மாவை விசாரித்ததாகச் சொல். நாளைக்குப் போன் வரும், எடுத்துக் குட்டியிடம் கொடு.

இப்படிக்கு,
பக்கத்து சீட்டில் இருக்கும் உன் அப்பா