ஊரில் இல்லாதவள் பெயர்

மாரண்டஹள்ளி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை யுவராணி மூன்று பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், கொழும்பில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, தக்காளி இரண்டாம் பறிப்பு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போயாயிற்று. போனில் பேசினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதி, யுவராணியிடம் இதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

நேற்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நாலு பக்கத்து நாடுகள் சேர்ந்து குவாண்டம் ஆராய்ச்சி செய்கிறார்களாம், எவனும் ஒட்டுக்கேட்க முடியாதபடி நாட்டுக்கு நாடு சேதி அனுப்பப் போகிறார்களாம். வாய்க்குக் குறைச்சலில்லை. நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன், நாலு கொடி, பன்னிரண்டு பெரிய மனுசன், பன்னிரண்டு சால்வை, வேலை செய்த நீங்கள் இரண்டு பேரும் ஓரத்தில். அந்தப் பெரிய மனுசர்களால் உன்னோடு வேலை பார்த்த நேபாளத்துப் பெண் பினிதாவின் விசாத் தாளை மேசை விட்டு மேசை நகர்த்த ஏழு மாசமாக முடியவில்லை, அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு காத்மாண்டு போய்விட்டாள். இதுதான் இவர்கள் ஒத்துழைப்பு. தூ.

அவர்கள் அப்படித்தான், விடு. நீ சொன்னாயே, "அவ இப்ப இங்க இல்லம்மா, நாங்க சேந்து எழுதுன ஆராய்ச்சிக் கட்டுரையில அவ பேர எடுத்துட்டு என் பேர்ல மட்டும் அனுப்பச் சொல்றாரு எங்க சாரு, பத்தாம் தேதிக்குள்ள அனுப்புனா வேலை பர்மனென்ட்" என்று. உன் குரல் கொஞ்சமாவது இறங்கும் என்று பார்த்தேன், இறங்கவில்லை. போன மாசி மாசம் நீங்கள் இரண்டு பேரும் நம் வீட்டுக்கு வந்தபோது கணக்கு வரவில்லை என்று நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், அவள்தான் பம்ப்செட் சுவரில் சாக்கட்டியால் எழுதி உன் தப்பைக் காட்டினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நம் கூட்டுக் கிணற்றில் பங்குள்ள தர்மன் எட்டு மாசமாக ஓசூரில் கம்பெனி வேலை, அவன் தண்ணீர் முறை வரும் நாளில் மோட்டாரைப் போட்டு அவன் காட்டுக்குத் தண்ணீர் விடுவது நாம்தான். ஆள் இல்லை என்று அந்த முறையை யாரும் எடுப்பதில்லை. ஒரு தடவை அப்பா நம் தக்காளி வாடுகிறதென்று தண்ணீரை நம் பக்கம் திருப்பிவிட்டார். "ஊர்ல இல்லாதவன் தண்ணியில காய்ச்சத எந்தக் கையால விப்பீங்க" என்று கேட்டேன், இரண்டு நாள் வீட்டுக்குச் சோறு தின்ன வரவில்லை அந்த மனுசன். ஐந்தாவது படித்தவருக்கு உறைத்தது, டாக்டர் பட்டம் வாங்கிய உனக்கு உறைக்கவில்லை. உன்னைப் பெற்றதற்கு நேற்றுதான் முதல் தடவையாகக் கூசினேன்.

வேலை போனால் போகட்டும், உனக்கு இங்கே சோறு உண்டு. சாரிடம் பயப்படாமல் பேசு, வெயிலில் அலையாதே, தலைக்கு எண்ணெய் வை. நம் குலசாமி உனக்கு ஆயுசும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். கட்டுரை வெளியானதும் முதல் பக்கத்தை எனக்கு அனுப்பு. இங்கிலீஷ் படிக்க வராது எனக்கு, பெயர் ஒன்றா இரண்டா என்று எண்ண வரும்.

உன்னைப் பெற்ற
சாலம்மாள்