மூன்றாவது மேஜைக்காரன்

மார்ச் 4, புதன்
டைரக்டர் பொண்ணு இன்றும் கேமராவோடு வந்துவிட்டாள். கேபரே ஆடுகிற திருநங்கையின் வாழ்க்கையை ஆவணப்படம் எடுக்கிறாளாம். நான் விக் மாட்டிக்கொண்டிருக்கும்போது, "வீட்டுல யாரெல்லாம் இருக்காங்கக்கா?" என்றாள்.

"எல்லாரும் செத்துட்டாங்க. வாய மூடிக்கிட்டு எடு."

பொய்தான். அண்ணன் இருக்கிறான். தம்பியாயிருந்த நான் கவுன் போட்டு நின்றதைப் பார்த்துவிட்டு பெல்ட்டால் விளாசித் துரத்தினவன். அவனைப் படத்தில் வேறு கொண்டுவரணுமா?

மார்ச் 9, திங்கள்
முட்டி வலி. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 17, செவ்வாய்


டைரக்டர் பொண்ணு எடுத்தவரைக்கும் போட்டுக் காட்டினாள். என் கடைசிப் பாட்டு. அதில் மேடையை விட்டு இறங்கி ஒரு ஆம்பளையை வம்புக்கு இழுப்பேன், அதுதான் வழக்கம். விளக்கு கண்ணில் அடிக்கும், முகமெல்லாம் தெரியாது. மூக்குக்கண்ணாடி மின்னுகிற பக்கமாகப் போவேன். அன்று மூன்றாவது மேஜை. அவன் கண்ணாடியைக் கழற்றி நான் போட்டுக்கொண்டு, வழுக்கையில் பச்சக்கென்று ஒரு முத்தம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

திரையில் பார்க்கிறேன் — அண்ணன்!

ஐயையோ! முடியெல்லாம் கொட்டிப்போய், லிப்ஸ்டிக் அப்பின தலையோட குனிஞ்சு உக்காந்திருக்கான். தெரிஞ்சு வந்தானா? தெரியாம வந்தானா? இத்தனை மேக்கப்புல என்னை அடையாளம் தெரிஞ்சிருக்குமா? படம் வெளியே போனால் அண்ணி பார்ப்பாள், பிள்ளைகள் பார்க்கும். அவன் மானம் போயிடும். போகட்டுமே! — இல்லை, வேண்டாம்.

"அந்தாளு மூஞ்சிய மறைச்சிடு" என்றேன்.

"ஏங்க்கா?"

"சொன்னதச் செய்டி."

மார்ச் 18, புதன்
அடித்தவன் அவன். பயப்படுகிறவள் நானா?

மார்ச் 23, திங்கள்
டைரக்டர் பொண்ணு மேக்கப் அறைக்குள் ஓடிவந்தாள். முகம் வெளிறியிருந்தது. படத்தில் வருகிறவர்களிடம், முகத்தை மறைத்தாலும், சம்மதம் கேட்பார்களாம். டிக்கெட் எடுத்த நம்பரைப் பிடித்து அண்ணனுக்கும் போன் போட்டிருக்கிறாள்.

"மூஞ்சிய மறைச்சிடறோம் சார், கவலப்படாதீங்கன்னு சொன்னேன். 'மறைக்க வேணாம்மா. யாருன்னு கீழ எழுதுவீங்கல்ல? அண்ணன்னு போடுங்க'ங்கிறார்க்கா!"

ஒரு கண்ணுக்கு மை தீட்டியிருந்தேன். இன்னொன்றுக்குத் தீட்ட முடியவில்லை.

அடப்பாவி அண்ணா, இத என்கிட்ட வந்து சொல்ல வாய் வரலையா உனக்கு?